எட்டு மாதமாகப் பார்த்த வண்டி

அன்றைக்கும் ஐந்து மணிக்கே அன்புச்செல்வனுக்குத் தூக்கம் போய்விட்டது. போய்விட்டது என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். எட்டு மாதமாக அது ஒழுங்காக வந்ததே இல்லை. எழுந்து உட்கார்ந்தார். இடது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து மடக்கினார், நீட்டினார். செல்போனை எடுத்தார். வீடியோவில் சிவப்பு வண்டி ஓர் ஆற்றைக் கடந்து போனது. அதைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பச்சை வண்டிக்குப் போனார். அது சேற்றுக்குள்ளிருந்து உறுமிக்கொண்டு ஏறி வந்தது. அதையும் முழுசாகப் பார்க்கப் பொறுமையில்லை. மறுபடி சிவப்பு.

"என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பகூட நீங்க இம்புட்டு யோசிக்கலையே," என்றாள் மகாராணி, காப்பியை நீட்டிக்கொண்டே. "டம்ளரக் கீழ வைக்குறதுக்குள்ள சரின்னு சொல்லிட்டீக."

"அது வேற, இது வேற."

"ஆமா, எனக்கு நாலு சக்கரம் இல்ல."

அவர் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை. இன்று பத்து மணிக்குக் கோயம்புத்தூர்க் கடைக்காரர்கள் இரண்டு வண்டியையும் ஒரே லாரியில் ஏற்றிக் குரங்கணிக்குக் கொண்டுவருகிறார்கள். ஓட்டிப் பார்த்து, இதுதான் என்று ஒன்றைத் தொட்டுக் காட்டிவிட வேண்டும். இன்னொன்று அதே லாரியில் திரும்பிப் போய்விடும். இனிமேல் தப்பிக்க வழியில்லை.

குரங்கணிக்கு மேலே அவருக்குப் பதினோரு ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம். ஜீப்பு போகிற பாதை ஒரு ஓடைக்கரையில் முடிந்துவிடும். அதற்கு மேல் மூன்று கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதையை விடக் கொஞ்சம் அகலமான ஒரு தடம். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது தொடை நடுங்கும். முன்பெல்லாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முக்கால் மணி நேரத்தில் ஏறிவிடுகிற ஆள்தான் அன்புச்செல்வன். முழங்காலில் தகடு வைத்த பிறகு பாதித் தூரம்கூட முடியவில்லை. இரண்டு வருடமாகத் தன் செடிகளைக் கண்ணால் பார்க்கவில்லை. கங்காணி போனில் சொல்வதைக் கேட்டுக்கொள்வார், வாரம் ஒருமுறை ஏறி இறங்கும் மகாராணி சொல்வதைக் கேட்டுக்கொள்வார். காய் மூட்டைகள் கழுதை மேல் இறங்கி வந்தன.

அந்தத் தடத்தில் ஜீப்பு போகாது, பைக்கும் போகாது. போகக்கூடியது நாலு கொழுத்த டயரும் பைக் மாதிரி கைப்பிடியும் வைத்த இந்த வண்டிதான். ரோட்டில் ஓட்டப் பதிவு கிடையாது. மலையடிவாரம் வரை இன்னொரு வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்க வேண்டும். அதற்குப் பிறகு அது போகாத இடமில்லை என்று வீடியோவில் சொன்னார்கள்.

சிவப்பு ஆயிரம் சிசி, இரண்டு சிலிண்டர். ஆளோடு இரண்டு மூட்டைப் பச்சைக்காயையும் ஏற்றிவிட்டால்கூடக் கண்டுகொள்ளாமல் ஏறும். பச்சை எழுநூறு சிசி, ஒற்றைச் சிலிண்டர். பலம் கொஞ்சம் கம்மி, ஆனால் உயரமும் கம்மி, வளைவில் சாயாது. நோட்டில் நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதி வைத்திருந்தார். திங்கட்கிழமை சிவப்பு ஜெயிக்கும். வியாழக்கிழமை பச்சை ஜெயிக்கும். ஞாயிற்றுக்கிழமை மகாராணி அந்த நோட்டை அடுப்பில் போட்டுவிடுவதாக மிரட்டுவாள்.

ஆனால் எட்டு மாதம் இழுத்ததற்கு நோட்டு காரணமில்லை. அவர்கள் ஊரான போடியில் சொந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போகாமல் யாரும் வண்டி வாங்குவதில்லை. பழைய மொபெட்டாக இருந்தாலும் சரி, புது லாரியாக இருந்தாலும் சரி, மெக்கானிக் வந்து குனிந்து பார்த்து, எஞ்சினைக் காதால் கேட்டு, "எடுக்கலாம்" என்று சொன்ன பிறகுதான் எடுப்பார்கள். அவரில்லாமல் போய் வாங்கி வந்தவனை டீக்கடையில் ஒரு மாதம் கேலி பேசி ஓட்டுவார்கள். அன்புச்செல்வனின் மெக்கானிக் சவுகத் அலி. இருபத்திரண்டு வருடம் இவர் வண்டியை வேறு கை தொட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இவர் அவரை மாமா என்பார், அவர் இவரை மாப்ளே என்பார். அவரைக் கூப்பிடத்தான் அன்புச்செல்வனுக்கு வாய் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பது ஒருத்தருக்கும் தெரியாது. மகாராணிக்கும் தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாதத்துச் சாயங்காலம், காய் எடுக்கும் பெண்கள் ஒன்பது பேரைத் தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அவர் மலையிறங்கினார். வளைவில் ஜீப்பு கவிழ்ந்தது. ஒரு உயிரும் போகவில்லை, அது புண்ணியம். ஆனால் அவருக்கு முழங்கால் உடைந்தது, முன்சீட்டில் இருந்த ஒச்சம்மாளுக்கு இடது கை மணிக்கட்டு நொறுங்கிப்போனது. அந்தக் கை இப்போது முழுசாக மூடாது, செடியின் சரத்திலிருந்து காயைக் கிள்ளி எடுக்கவே முடியாது. தேனி ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் எல்லாரும் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். "பிரேக்கு பிடிக்கல," என்றார் அன்புச்செல்வன்.

மூன்று நாளைக்கு முன்னால்தான் சவுகத் அலி அந்த ஜீப்புக்குப் பிரேக் வேலை பார்த்திருந்தார். ஊர் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை. ஜீப்பைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று.

உண்மையில், கடைசி இறக்கத்தில் அவர் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியை உருளவிட்டார். டீசல் மிச்சம். மலைப்பாதையில் பாதிப் பேர் செய்கிற காரியம்தான். அவரும் பதினைந்து வருடமாகச் செய்து வந்தார். அன்று லோடு அதிகம், வேகம் ஏறிவிட்டது, மிதித்தபோது பிரேக்கால் தாங்க முடியவில்லை. இதை அவர் மனசுக்குள்ளேகூட முழு வாக்கியமாகச் சொல்லிப் பார்த்ததில்லை. சொல்ல வரும்போதெல்லாம் செல்போனை எடுத்துச் சிவப்பு வண்டியைப் பார்ப்பார்.

பத்து மணிக்குக் குரங்கணி மாந்தோப்பில் லாரி நின்றது. கார்முகில் என்ற விற்பனையாளர் பலகை போட்டு இரண்டு வண்டியையும் இறக்கினார். நாற்பது வயதிருக்கும், பேச்சில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். தோப்பை ஒட்டிச் சின்னக் குன்று மாதிரி ஒரு கரடு, அதன் மேலே வரை மண் பாதை. ஏற்றி இறக்கிப் பார்க்கத் தோதான இடம். அன்புச்செல்வன் ஊன்றுகோலோடு வண்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சிவப்பின் சீட்டைத் தட்டினார், பச்சையின் டயரை அமுக்கினார், வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

அப்போது ஒரு பழைய ஸ்கூட்டர் தோப்புக்குள் வந்து நின்றது. சவுகத் அலி இறங்கினார்.

"நாந்தேன் வரச் சொன்னேன்," என்றாள் கூட வந்திருந்த மகாராணி. "எட்டு மாசமா ஒரு மனுசன் தூங்காமக் கெடந்தா நான் என்னதான் செய்ய? நீங்க கூப்புடுவீகன்னு பாத்தேன், கூப்புடல."

சவுகத் அலி இளைத்திருந்தார். தாடி முழுக்க நரைத்துவிட்டது. "என்ன மாப்ளே, கால் எப்புடி இருக்கு?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அந்தக் காலை மட்டும் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்.

"இருக்கு மாமா."

சவுகத் அலி வேலையில் இறங்கினார். மண்ணில் ஒரு சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, சிவப்பின் வயிற்றைப் பார்த்தார். ஆக்சிலைப் பிடித்து ஆட்டினார். ஆயில் குச்சியை உருவி முகர்ந்தார். எஞ்சினைக் கிளப்பச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பச்சைக்கும் அதே மரியாதை. அரைமணி நேரம் அதிலேயே இருந்தார். அந்த அரைமணி நேரம் அன்புச்செல்வனுக்குப் பழையபடி இருந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று மனசு கொஞ்சம் ஆசைப்பட்டது.

"ரெண்டும் நல்ல வண்டிதேன்," என்று எழுந்தார் சவுகத் அலி. "செவப்புல பலம் இருக்கு. ஏத்தத்துக்கு அதுதேன். எனக்கென்னமோ செவப்பு மேலதான் மனசு போகுது."

கார்முகில் உற்சாகமாகிவிட்டார். "பிரேக்கையும் பாருங்க பாய், நாலு சக்கரத்துக்கும் டிஸ்க்கு..."

சவுகத் அலி ஒரு எட்டு பின்னால் போனார். "பிரேக்கு பத்தி என்கிட்டக் கேக்காதீக."

"ஏன் பாய்?"

"நான் பிரேக்கு வேல பாக்குறதில்ல. ரெண்டு வருஷமாச்சு."

மகாராணிக்குச் சங்கடமாகிவிட்டது. "அண்ணே, அத விடுங்க. நடந்தது நடந்துபோச்சு. நாங்க ஒரு நாளும் உங்கள ஒரு வார்த்த சொன்னதில்லையே."

"நீங்க சொல்லல தாயி. அதுதேன் கஷ்டமா இருக்கு." சவுகத் அலி தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். "பின்சக்கரத்துல ஒரு நட்டு. அத முறுக்குனேனா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் ஞாபகம் வரமாட்டேங்குது. தொழுகையில நிக்கிறப்பகூட கை அந்த நட்டத்தேன் முறுக்குது. ஒச்சம்மாவப் பாத்தா நான் அடுத்த தெருவழியாப் போயிருவேன். பஞ்சரு ஒட்டுறேன், ஆயில் மாத்துறேன். அது போதும் எனக்கு."

ஊர் பேசும் என்று அன்புச்செல்வனுக்குத் தெரியும். பாய் கடையில் கூட்டம் குறைந்துவிட்டதும் தெரியும். ஆனால் இந்த மனுஷனே அதை நம்பிவிடுவார் என்று அவர் நினைத்துப் பார்க்கவே இல்லை. தன் வேலையில் தப்பு இருக்காது என்று சவுகத் அலிக்குத் தெரிந்திருக்கும், நண்பனைக் காட்டிக் கொடுக்காமல் பேசாமல் இருக்கிறார் என்று இரண்டு வருடமாகச் சௌகரியமாக ஒன்றை நம்பிக்கொண்டிருந்தார்.

"நான் ஓட்டிப் பாக்குறேன்," என்றார் அவசரமாக. அங்கே நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"மெதுவாங்க," என்றாள் மகாராணி.

சிவப்பில் ஏறினார். கார்முகில் கியரைக் காட்டிக்கொடுத்தார்: வலது பக்கம் ஒரு கம்பி, முன்னால் தள்ளினால் ஏற்றத்துக்கு, நடுவில் நியூட்ரல், பின்னால் இழுத்தால் ரிவர்ஸ். கட்டைவிரலால் அமுக்கியதும் வண்டி பாய்ந்தது. கரட்டின் ஏற்றத்தை அது ஏற்றமாகவே மதிக்கவில்லை. காற்று முகத்தில் அடித்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு அவருடைய உடம்பு மேலே போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் மலை நீலமாகத் தெரிந்தது, அதற்குள் எங்கோ அவர் செடிகள் இருந்தன. கண்ணில் தண்ணீர் வந்தது, தூசியாக இருக்கலாம்.

உச்சியில் திருப்பி இறங்கத் தொடங்கினார். வண்டி தானாகவே இழுத்துப் பிடித்துக்கொண்டு நிதானமாக இறங்கியது. பாதி இறக்கத்தில், அவர் எதையும் நினைக்கவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை, வலது கை தானாகப் போய்க் கம்பியைத் தட்டிவிட்டது. நியூட்ரல்.

இழுத்துப் பிடித்திருந்தது விட்டுப்போனது. எஞ்சின் சத்தம் தணிந்தது. வண்டி உருண்டது, அடுத்த நொடி வேகம் எடுத்தது. கீழே மகாராணி கத்துவது கேட்டது. அன்புச்செல்வன் இரண்டு கையாலும் பிரேக்கை நெரித்தார். வண்டி குறுக்கே திரும்பி, ஒரு மாமரத்துக்கு நாலடி தள்ளிப் புழுதியோடு நின்றது.

அவர் இறங்கவில்லை. பதினைந்து வருடப் பழக்கம், ஒரு கால் போன பிறகும் போகவில்லை. மூன்று பேரும் ஓடி வந்தார்கள்.

"பிரேக்கு பிடிக்கலையா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் சவுகத் அலி. முகம் வெளிறிப் போயிருந்தது.

அந்தக் கேள்விக்கு இவரிடம் ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. ஆமாம் என்று சொன்னால் போதும். இன்னொரு முறையும் ஊர் நம்பும்.

"பிடிச்சுச்சு மாமா," என்றார் அன்புச்செல்வன். "அன்னைக்கும் பிரேக்கு நல்லாத்தேன் இருந்துச்சு."

"என்னைக்கு?"

"நீங்க நட்ட முறுக்குனீக மாமா. நல்லாத்தேன் முறுக்குனீக. நாந்தேன் நியூட்ரல்ல விட்டு இஞ்சின ஆப் பண்ணிட்டேன். டீசலுக்கு ஆசப்பட்டு. வேகம் ஏறிப்போச்சு. ஆஸ்பத்திரில கேட்டப்ப என் வாயில அப்புடி வந்துருச்சு. வந்தத அப்பறம் திருப்பி எடுக்க முடியல."

மகாராணி அப்படியே மாமரத்து வேரில் உட்கார்ந்துவிட்டாள். "என்கிட்டகூடவா?" என்று கேட்டாள். கார்முகில் லாரிப் பக்கம் போய் எதையோ தேடுவதுபோல நின்றுகொண்டார்.

சவுகத் அலி இடுப்பிலிருந்து அழுக்குத் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். கையில் அழுக்கு இல்லை. ஆனாலும் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். அடிப்பார் என்று அன்புச்செல்வன் எதிர்பார்த்தார். அடித்தால் தேவலை என்றிருந்தது. அவர் அடிக்கவில்லை.

"எறங்குங்க," என்றார்.

இவரிடம் நீங்க, வாங்க என்று அவர் இதுவரை பேசியதில்லை. முப்பத்தைந்து வருடத்தில் ஒரு முறைகூட இல்லை.

சவுகத் அலி சிவப்பில் ஏறிக் கரட்டு உச்சிக்குப் போனார். இறங்கும்போது பத்தடிக்கு ஒருமுறை பிரேக்கைப் பிடித்தார். விட்டார். பிடித்தார். மறுபடி மேலே போனார். பிறகு பச்சையில் ஏறினார். அதிலும் அப்படியே. இறக்கத்தில் நடுவழியில் நிறுத்திக் குனிந்து கியர்க் கம்பியைத் தட்டித் தட்டிப் பார்த்தார், மறுபடி மேலே போனார். எத்தனை முறை என்று யாரும் எண்ணவில்லை. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. இரண்டு வருடமாகப் பிரேக்கைத் தொடாத ஆள், ஒருவழியாகப் போதும் என்று இறங்கி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எந்த வண்டின்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றார். "இப்பச் சொல்லமாட்டேன். நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு ஜீப்பு ஸ்டாண்டுக்கு வாங்க. பிரேக்கு பிடிக்கலன்னு ஊருக்குச் சொன்னது நீங்க. இதையும் நீங்களே சொல்லுங்க. அப்பறம் வண்டியச் சொல்றேன்."

"கடைக்காரவுக இன்னைக்குக் கெளம்பணுமே..." என்று இழுத்தார் அன்புச்செல்வன். அந்த நேரத்திலும் வாய் அதைத்தான் சொன்னது.

"ஒரு நா தங்கட்டும். நான் ரெண்டு வருஷம் காத்துக் கெடந்துருக்கேன்."

ஸ்கூட்டர் புகையைக் கக்கிக்கொண்டு போனது.

வீட்டில் மகாராணி சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். அவர் செல்போனை எடுக்கவில்லை. நாளைக்குக் காலில் வலி என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தார். வண்டியே வேண்டாம் என்றுகூட யோசித்தார். விடியும் முன்னே அவர் குளித்துவிட்டு வந்தபோது ஊன்றுகோல் வாசற்கதவில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மகாராணி செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் நின்றாள்.

ஜீப்பு ஸ்டாண்டில் வழக்கமான பரபரப்பு. போடிமெட்டுக்கு மேலே போகிற ஜீப்புகள் வரிசையாக நின்றன. தூக்குவாளியும் முக்காடுமாகப் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். "வெரசா ஏறு ஆத்தா, நேரமாச்சு," என்று டிரைவர்கள் விரட்டிக்கொண்டிருந்தார்கள். டீக்கடை பெஞ்சில் சவுகத் அலி கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன் ஜீப்பில் ஒச்சம்மாள் இருந்தாள். காய் எடுக்க முடியாததால் இப்போது கேரளா பக்கத்து ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிறாள். ஒரு கை போதும்.

அன்புச்செல்வன் அந்த ஜீப்பின் டிரைவர் தங்கபாண்டியிடம் போய்த் தணிந்த குரலில் ஏதோ சொன்னார்.

"கேக்கல," என்றார் சவுகத் அலி பெஞ்சிலிருந்து.

அன்புச்செல்வன் ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார், ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற மாதிரி. பிரேக்கு நல்லா இருந்துச்சு. நான் நியூட்ரல்ல விட்டேன். பாய் மேல தப்பில்ல. நான் பொய் சொன்னேன். நாலே வாக்கியம். இரண்டு வருடமாக மனசுக்குள்ளேகூட வராதது, சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை.

எஞ்சினை ஓடவிட்டிருந்த டிரைவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஒச்சம்மாள் ஜீப்பிலிருந்து இறங்காமலே அவரைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு உங்க வீட்டுல இருந்து ஆரஞ்சுப் பழம் வந்துச்சு," என்றாள். "பாய் வந்து என் கட்டில் காலப் புடிச்சுக்கிட்டு அழுதாக. நான் அவுகளத்தேன் வைஞ்சேன். அம்புட்டுச் சாபமும் விட்டேன்." மூடாத கையை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தங்கபாண்டி டீக்கடைக்குப் போனார். "பாய், என் வண்டியில பின்பிரேக்கு ஒரு பக்கமா இழுக்குது. ஒரு மாசமாச்சு. பாக்குறீகளா?"

சவுகத் அலி கிளாஸில் மிச்சமிருந்த டீயைக் குடித்தார்.

"சாயங்காலம் கொண்டா," என்றார்.

ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. அன்புச்செல்வன் நின்ற இடத்திலேயே நின்றார். சவுகத் அலி டீக்குக் காசு வைத்துவிட்டு, ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு, அவர் பக்கத்தில் வந்து நிறுத்தினார்.

"பச்சைய எடுங்க. அதுல பிரேக்கப் பிடிச்சாத்தேன் கியரு நியூட்ரலுக்குப் போகும். சும்மா தட்டுனாப் போகாது." பேசும்போது அவர் ரோட்டைத்தான் பார்த்தார். "நேத்து நீங்க சொல்லலேன்னா, செவப்பத்தேன் எடுக்கச் சொல்லியிருப்பேன்."